பங்கின் பெயரைச் சொல்வதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

நண்பர்கள் குழுவில் ஒரு ஸ்மால்கேப் பங்கைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். ஐந்து ஆண்டு விற்பனை, லாபம், கடன் மூன்றையும் அடுக்கியிருக்கிறாய், உழைப்பு தெரிகிறது. ஆனால் ‘கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்’ என்று முடித்துவிட்டாய். அந்த ஒரு வரியை நம்பி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்துவைத்த பணத்தை ஒருவர் போடக்கூடும். அவர் யாரென்று உனக்குத் தெரியாது. நீ எப்போது விற்பாய் என்று அவருக்கும் தெரியாது. அதனால் ஏன் வாங்கினாய் என்பதோடு, என்ன நடந்தால் உன் கணிப்பு தப்பு என்று ஒப்புக்கொள்வாய் என்பதையும் எழுது. நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

லாபம் மூன்று ஆண்டாக ஏறுகிறது என்கிறாய். பணப்புழக்க அறிக்கையைப் பார். தொழிலில் வந்த ரொக்கமும் கூடவே ஏறியிருக்கிறதா? ரொக்கம் வராமல், வரவேண்டிய பாக்கி மட்டும் பெருத்துக்கொண்டே போனால், சரக்கு விற்றதாகக் கணக்கில் இருக்கிறது, காசு கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அடுத்து, காலாண்டுதோறும் வெளியாகும் பங்குதாரர் பட்டியலில் புரமோட்டர்கள் எவ்வளவு பங்கை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்று பார். விலை சரிந்தால் கடன் கொடுத்தவர் அந்தப் பங்குகளைச் சந்தையில் தள்ளிவிடுவார். விலை இன்னும் சரியும். ஆண்டறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளையும் விடாதே. புரமோட்டர் குடும்பத்தின் வேறு கம்பெனிகளுக்குப் போன கடன் அங்கேதான் இருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஏமாறலாம். சத்யம் நிறுவனத்தின் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே 2009 ஜனவரி 7 அன்று எழுதிக்கொடுத்தார். தணிக்கை முடிந்த கணக்கு அது. ஆகவே ஒரே பங்கில் மொத்தப் பணத்தையும் போடத் தூண்டும் சொல் உன் எழுத்தில் வேண்டாம்.

சின்னக் கம்பெனிப் பங்கில் வாங்குவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் இறங்கவிடாத சர்க்யூட் உள்ள பங்கு தொடர்ந்து பத்து நாள் அந்தக் கீழ் எல்லையை, அதாவது லோயர் சர்க்யூட்டை, அடித்தால் 100 ரூபாய் சுமார் 60 ரூபாய்க்கு வந்துவிடும். காலை 9.15க்கே விற்கப் போட்ட ஆர்டர் சாயங்காலம் வரை வரிசையில் கிடக்கும். வாங்க ஆள் இருக்காது. ஸ்டாப்லாஸ் போட்டிருந்தாலும் பயன் இல்லை. அதனால் தினமும் எத்தனை பங்கு கைமாறுகிறது என்பதையும் சேர்த்து எழுது. உன் நண்பர்கள் இருநூறு பேர் வாங்கினாலே ஏறிவிடுகிற பங்கு என்றால், அந்த ஏற்றத்தை உன் ஆய்வுக்குச் சான்றாகக் காட்டாதே.

விலையைச் செயற்கையாக ஏற்றி விற்கும் ஆபரேட்டர்கள் பிழைப்பதே இப்படிப்பட்ட ஏற்றத்தில்தான். சாத்னா பிராட்காஸ்ட் பங்கு பற்றி 2023 மார்ச்சில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவை எடுத்துப் படி. அந்தக் கம்பெனியை அதானி குழுமம் வாங்கப்போகிறது என்று 2022 ஜூலையில் யூடியூபில் பொய்யான வீடியோக்கள் வந்தன. சுமார் 2,000 பேராக இருந்த சிறு பங்குதாரர்கள் 55,000 பேருக்கு மேல் ஆனார்கள். முன்பே வாங்கி வைத்திருந்தவர்கள் தங்கள் பங்குகளை அந்தச் சிறு பங்குதாரர்கள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினார்கள் என்கிறது உத்தரவு.

உன்மேல் அந்தச் சந்தேகம் வரக்கூடாதென்றால், உன்னிடம் எத்தனை பங்கு இருக்கிறது, என்ன விலைக்கு வாங்கினாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. விற்றால் விற்ற அன்றே சொல். காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைக்க வேண்டுமானால் செபியில் பதிவு செய்தாக வேண்டும். கம்பெனியில் வேலை செய்யும் சொந்தக்காரர் ‘ரிசல்ட் பிரமாதம்’ என்று முன்கூட்டியே சொன்னால், அதை வைத்து வாங்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. உள்தகவலை வைத்து வணிகம் செய்வதைத் தடுக்கும் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி அது குற்றம். பேச்சு ஆப்ஷன் பக்கம் திரும்பினால் செபியின் 2024 ஆய்வை எடுத்துக் காட்டு: 2022 முதல் 2024 வரையிலான நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன்) வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

அமெரிக்க முதலீட்டாளர்கள் ஜோயல் கிரீன்பிளாட்டும் ஜான் பெட்ரியும் 2000இல் தொடங்கிய வேல்யூ இன்வெஸ்டர்ஸ் கிளப்பில் சேர, ஒரு பங்கைப் பற்றிய முழு ஆய்வை எழுதிக்கொடுக்க வேண்டும். உறுப்பினர்கள் அதைக் கேள்வி கேட்பார்கள், மதிப்பெண் போடுவார்கள். உங்கள் குழுவுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். ஒருவர் பங்கைச் சொன்னால், அதை ஏன் வாங்கக்கூடாது என்று எழுதும் வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்ளட்டும். எதிர்த்துக் கேட்பவரை ‘நெகட்டிவ்’ என்று ஒதுக்கினால், கடைசியில் ஆமாம் போடுகிறவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

நீ சொன்ன பங்குகளை எல்லாம், ஏறியதும் இறங்கியதும், ஒரே பட்டியலில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் காட்டு. விலை ஏறியிருந்தும் நீ சொன்ன காரணம் பலிக்கவில்லை என்றால், அதையும் மறைக்காமல் எழுது. பாராட்டு குவிகிற நேரத்தில் அப்படி எழுத மனசு வராதுதான். ஆனாலும் எழுது, அப்படி எழுதுகிறவன் சொல்லைத்தான் கேட்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அன்புடன்,
உன் அண்ணன்