கடை கடிகாரம்

அன்பு மருமகளுக்கு,

ஊட்டியில் நீ எடுத்துப் போட்ட படங்களை மாமா பார்த்தாயிற்று. நாற்பத்தேழு! எல்லாவற்றிலும் சிரிப்பு. அந்த மூன்று நாளில் இரண்டு நாள் நீ காய்ச்சலில் சுருண்டு கிடந்தாய் என்று உன் அம்மா போனில் சொல்கிறாள்.

திட்டுவதற்காக எழுதவில்லை. முப்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவனுக்குத் திட்டும் தகுதி ஏது? தாஜ்மஹால் வரைந்த திரைக்கு முன்னால் நின்று, ஒயரே இல்லாத டெலிபோனைக் காதில் வைத்துச் சிரித்தவர்கள் ஊரில் பாதிப் பேர். கோட்டு கடையுடையது, கைக்கடிகாரமும் கடையுடையதுதான். ஆனால் படம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிவிடுவார்கள்.

நெதர்லாந்தில் ஸில்லா வான் டென் போர்ன் என்று ஒரு மாணவி. 2014இல் தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் என ஐந்து வாரம் சுற்றப் போவதாகச் சொன்னாள். வீட்டார் விமான நிலையம்வரை போய் வழியனுப்பினார்கள். அவளோ ஆம்ஸ்டர்டாமில் தன் அறைக்கே திரும்பிவிட்டாள்! மீன்களோடு நீந்தும் படத்தைக் குடியிருப்பின் நீச்சல் குளத்தில் எடுத்தாள். மீன்கள் போட்டோஷாப் உபயம். புத்த கோயில் படம் எடுத்ததும் உள்ளூரிலேயே. ஸ்கைப்பில் பேசப் படுக்கையறையை வெளிநாட்டு விடுதிபோல ஜோடித்தாள். நேர வித்தியாசம் பொருந்த வேண்டுமே என்று நடுராத்திரியில் எழுந்து செய்தி அனுப்பினாள். அது அவள் படிப்புக்காகச் செய்த வேலை. முடிந்ததும் எல்லோரிடமும் உடைத்துச் சொல்லிவிட்டாள். கடை கடிகாரத்தை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவள்.

எஸ்ஸெனா ஓ'நீல் கதை வேறு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவள், இன்ஸ்டாகிராமில் ஐந்து லட்சத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். 2015 அக்டோபர் கடைசியில், பதினெட்டு வயதில், ஆயிரக்கணக்கான படங்களை அழித்தாள். மீதிப் படங்களுக்கடியில் நடந்ததை எழுதினாள்: இந்த உடைக்குக் காசு வாங்கினேன், வயிறு ஒட்டித் தெரிய இந்த ஒரு போஸை நூறு தடவைக்கு மேல் எடுத்தேன், அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. திருப்தியாகும்வரை எடுக்கச் சொல்லித் தங்கையிடம் கத்தியதையும் மறைக்கவில்லை.

மாமாவுக்கு உறுத்தியது அந்தத் தங்கைதான். தொட்டபெட்டாவில் உன் தம்பி எத்தனை நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றானோ!

படம் போடு, வேண்டாமென்று யார் சொன்னது? ஊர் திரும்பியபின் போடு; வீடு பூட்டிக் கிடப்பதைத் தெருவுக்கே தண்டோரா போட வேண்டாம். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021இலிருந்தே இருக்கிறது, அதை அமுக்கிவிடு. காய்ச்சலா என்று கேட்கும் தோழியிடமாவது ஆமாம் என்று சொல்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூக்கு சிவக்க, நீ ரசம் குடிப்பதைத் தம்பி எடுத்து வைத்திருக்கிறானாம். அழிக்கச் சொல்லி அவனோடு சண்டை போடுகிறாயாம். அழிக்காமல் மாமாவுக்கு அனுப்பு. பிரிண்ட் போட்டு, பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா