மையம் தவறாத வட்டம்

தியானத்திற்கு அமர்பவனின் ஆசனம் அசையாததாகவும், மிக உயரமாகவோ மிகத் தாழ்வாகவோ இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்று பகவத்கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில் பகவான் குறிப்பிடுகிறார். முழங்கால் வலியால் தரையில் அமர இயலாத முதியோர் பலருக்கு அந்த ஆசனம் ஒரு மர முக்காலியே. அதன் பலகையை வட்டமாகக் குறிப்பது சிறிய வேலை. சாதகனுக்கு அதில் பயில்வதற்கு நிறைய உண்டு.

32 செ.மீ. சதுரப் பலகையின் அடிப்பக்கத்தை இழைத்துச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை இரு கோடுகள் இட்டால் அவை வெட்டும் இடம் மையம். அங்கே ஓர் ஆணி. நூல் கட்டியும் வட்டம் வரையலாம். ஆனால் நூல் நெகிழும், பென்சில் சாயும். மெல்லிய மரச்சட்டம் ஒன்றில் 15 செ.மீ. இடைவெளியில் இரு துளைகள் இட்டு, ஒன்றில் ஆணியையும் மற்றதில் பென்சிலையும் பொருத்திச் சுற்றுவதே நலம். அடிப்பக்கத்தில் குறிப்பதால் ஆணித் துளை மேலே தெரியாது.

முளையும் கயிறும் நம் முன்னோர் கையாண்டவையே. யாக வேதிகளை அளக்கும் நூல்கள் சுல்ப சூத்திரங்கள். சுல்பம் என்றால் கயிறு. கார்ஹபத்தியம் வட்டம், ஆஹவனீயம் சதுரம். வடிவம் வேறாயினும் பரப்பு ஒன்றாதல் வேண்டும். அளவின் துல்லியத்தை அவர்கள் வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்து, கால்களுக்கான இடம். அதே மையத்திலிருந்து 11 செ.மீ. ஆரத்தில் உள்வட்டம் வரைந்து, கவராயத்தை அந்த அளவு மாறாமல் வைத்து வட்டத்தின் மீது அடியடியாக நகர்த்தினால், ஆறாவது அடி புறப்பட்ட இடத்திலேயே வந்து சேரும். ஒன்று விட்டு ஒன்றாக மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். சேரவில்லையானால், கடைசி அடியை மட்டும் சற்றே நீட்டிப் பொருத்திவிட மனம் தூண்டும். பார்ப்பவர் எவருக்கும் அது தெரியாது! ஆனால் அடிக்கு அரை மில்லிமீட்டர் பிழை, ஆறு அடியில் மூன்று மில்லிமீட்டராகிவிடும். அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவதே சிரத்தை.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? முக்காலி மேடுபள்ளத் தரையிலும் ஆடாது, ஆனால் சாயும். கால்கள் தரையில் ஊன்றும் வட்டத்தின் ஆரம் 20 செ.மீ. எனில், இரு கால்களுக்கு இடையே தாங்கும் எல்லை மையத்திலிருந்து 10 செ.மீ. மட்டுமே. புள்ளிகள் பிசகினால் ஒரு பக்கத்தில் அதுவும் குறையும். ஜபமாலை கீழே விழ, அதை எடுக்க ஒரு மூதாட்டி பக்கவாட்டில் குனிகிறார் என்று எண்ணிப் பாருங்கள். தரை சமமாக உள்ள இடத்தில் அவருக்கு நான்கு காலே பாதுகாப்பு.

சில நேரம் அறுத்து முடித்த பின் மையக்குறி இழைப்பில் அழிந்துவிடும். மையம் மறைந்ததேயன்றி இல்லாமற் போகவில்லை. விளிம்பு முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது. ஓர் அட்டையின் செங்கோண மூலையை விளிம்பின் மீது வைத்து, அதன் இரு பக்கங்கள் வட்டத்தை வெட்டும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் அது விட்டம். வேறோர் இடத்தில் அவ்வாறே செய்தால் இரு விட்டங்களும் மையத்தில் சந்திக்கும். மூன்றாவது விட்டமும் அப்புள்ளியின் வழியே சென்ற பிறகு துளையிடத் தொடங்கலாம்.