கோடை விடுமுறையில் ஆஸ்பத்திரி வேலையா?

கேள்வி: அமெரிக்காவில் சமயவியல் முதுகலை படிக்கும் என் மகள், கோடை விடுமுறைக்கு ஊருக்கு வராமல் ஆஸ்பத்திரியில் ‘ஆன்மிகத் துணை’ பயிற்சி எடுக்கப் போகிறாளாம். மதம் மாற்றும் வேலையோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பயம் வேண்டாம் அம்மா. நோயாளியிடம் மதப் பிரசாரம் செய்வதை இந்தத் தொழிலின் நெறிமுறையே தடுக்கிறது. இந்துப் பெண் கிறிஸ்தவ நோயாளியின் பக்கத்தில் உட்காருவாள், நாத்திகர் பக்கத்திலும்தான்.

1925 கோடையில் மாசசூசெட்ஸின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கியவர் ஆன்டன் பாய்சன். அவரே மனநோயாளியாகச் சிகிச்சை பெற்றவர். புத்தகத்தைப் போல மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

பயிற்சி ஒரு பருவத்துக்குக் குறைந்தது 400 மணி நேரம். அதில் கடினமானது, நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, சக மாணவர்கள் முன் வைப்பது. “எனக்கு ஏன் இப்படி?” என்று நோயாளி அழுதபோது, “எல்லாம் சரியாகிடும்” என்று சொல்லியிருந்தால் போச்சு! அந்த ஆறுதல் அவருக்கா, உனக்கா என்று குடைந்துவிடுவார்கள். வகுப்பறையில் இது கிடைக்காது.

பெரும்பாலும் கட்டணம் உண்டு, விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதையே தொழிலாக்க நினைத்தால், அங்கே சான்றிதழ் பெறப் பொதுவாக இப்படி நான்கு பருவங்கள் வேண்டும். பல இடங்களில் இரவுப் பணியும் இருக்கும். போனை எடுக்காவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.