‘பெட் ரெஸ்ட்’ என்றால் எவ்வளவு ஓய்வு?



வல்லம் வடகாலில் இருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருப்பது தெரிந்து, ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரத்தப்போக்கு இல்லை. ஆனாலும் வீட்டில் மாமியார் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. ஷிப்ட் முழுக்க தொழிற்சாலை லைனில் நின்று பழகிய உடம்பு மரத்துப்போகிறது என்கிறீர்கள்.

முதலில் ஒரு நிம்மதி. ஐந்தாம் மாதத்தில் கீழே இருக்கும் நஞ்சுக்கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலோருக்கு மேலே விலகிவிடும். அதனால்தான் 32-ஆம் வார வாக்கில் மறுபடி ஸ்கேன் பார்க்கிறார்கள். அதுவரை கட்டுப்பாட்டை மீறாதீர்கள்.

ஆனால் எதற்குக் கட்டுப்பாடு என்பதை விவரமாகக் கேளுங்கள். வேகநடை, கனம் தூக்குவது, மாடிப்படி, தாம்பத்திய உறவு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குளிப்பது, வீட்டுக்குள் நடப்பது, உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் கூடுமா? எந்த வாரம் வரை? பதிலை மருத்துவச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நாள் முழுக்கப் படுத்தே இருந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையலாம், தசையும் எலும்பும் பலம் இழக்கும், மனமும் துவளும். கடுமையான உடற்பயிற்சி கூடவே கூடாத கர்ப்பிணிகளும் அன்றாட வேலைகளைத் தொடரலாம் என்றே 2019-இல் வந்த கனடா நாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. மருத்துவர் சம்மதித்தால், உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள், தோளைச் சுழற்றுங்கள், கையை நீட்டி மடக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள், வயிற்றை இறுக்கி முக்காதீர்கள்.

வலியே இல்லாமல் துளி இரத்தம் பட்டாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், பனிக்குடம் உடைந்தாலும் அப்படியே.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். நீண்ட நேரம் நிற்கும் வேலையைப் பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரங்களிலும், அதற்கு முந்தைய ஒரு மாதத்திலும் மறுக்க, 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமே உரிமை தந்தது. நீங்கள் கேட்டால்தான் கிடைக்கும். ஆகவே எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்பே உட்கார்ந்து பார்க்கும் வேலை தேவை என்றால், மருத்துவர் சான்றோடு எச்.ஆரிடம் கொடுங்கள். இ.எஸ்.ஐ. தகுதி இருந்தால் 26 வாரப் பேறுகாலப் பலன் உண்டு. கர்ப்பத்தால் உடல்நலம் கெட்டால், சான்றின் பேரில் மேலும் ஒரு மாதம் வரை கிடைக்கும். 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்ட ஊர் உங்களுடையது. இந்த உரிமைகள் அங்கே ஒவ்வொரு லைனிலும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் தோழிகளுக்கும் சொல்லுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். அவர் தடுப்பது பயத்தால்தான். எது கூடாது, எது கூடும் என்று மருத்துவர் வாயாலேயே கேட்டுவிட்டால், நீங்கள் எழுந்து நடக்க அவரே கை கொடுப்பார்.

அன்புடன்,
உங்கள் அக்கா