டெமோ வகுப்பில் ‘கடல்’ என்று கேட்டால்

மே மாதம் பிளே ஸ்கூல்களும் நர்சரி பள்ளிகளும் ஆசிரியை தேடும் காலம். நேர்காணல் முடிந்ததும், “நாளைக்கு ஒரு டெமோ கிளாஸ் எடுங்க மிஸ், இருபது நிமிஷம், தீம் கடல்” என்பார்கள். உடனே பலர் செய்வது ஒன்றுதான். போனில் ‘பேபி ஷார்க்’ பாட்டு, கையில் இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டிய எட்டுக்கால் ஆக்டோபஸ், சுவரில் நீல நிறச் சார்ட். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் குழந்தை செய்ய எதுவும் மிச்சம் இருக்காது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பள்ளி முதல்வர், அனுபவமுள்ளவராக இருந்தால், உங்கள் கைவேலையைப் பார்க்க மாட்டார். குழந்தைகளின் கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பார்.

பாட்டிலிருந்து தொடங்குங்கள். அதற்குத் திரை வேண்டாம். நம் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறதே, அதன் அமைப்பு மழலை வகுப்புக்கு அப்படியே பொருந்தும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே சொல்லைத் திருப்பிச் சொல்லி இழுப்பார்கள். பழைய பருத்திச் சேலை ஒன்றை நீளமாக முறுக்கி எடுத்துப் போங்கள், அதுதான் வலை. இரு பக்கமும் குழந்தைகளை நிறுத்தி, நீங்கள் ஒரு மீன் பெயர் சொல்லுங்கள்: நெத்திலி, மத்தி, சங்கரா, வாளை. அவர்கள் ‘ஏலேலோ’ என்று சொல்லிக்கொண்டே ஒரு இழுப்பு இழுக்கட்டும். நான்கு சுற்றுக்குப் பிறகு பெயர் சொல்லும் வேலையைக் குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். மீன் சாப்பிடாத வீட்டுப் பிள்ளை ‘படகு’ என்றோ ‘அலை’ என்றோ சொன்னாலும் சரிதான். வாயே திறக்காத குழந்தையும் திருப்பிச் சொல்லும் இடத்தில் சேர்ந்துகொள்ளும். மெட்டு நன்றாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்குத் தாளம் போதும்.

பள்ளி காசிமேடு, நாகப்பட்டினம் போன்ற ஊர்ப் பக்கம் என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். “அப்பா ஏன் இப்போ கடலுக்குப் போகல?” என்று கேட்டால், அந்தக் குழந்தைகள் உங்களுக்கே பாடம் எடுப்பார்கள். மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடும் நேரம் அது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

கைவேலைக்கு என் சிபாரிசு வெண்டைக்காய். ஐந்து வரி உள்ள காயாகப் பார்த்து, குறுக்கே வெட்டி, தட்டில் ஊற்றிய ஆரஞ்சு வண்ணத்தில் தொட்டுத் தாளில் அழுத்தினால் ஐந்து முனையோடு ஒரு நட்சத்திரம் விழும். நட்சத்திர மீனுக்கும் பொதுவாக ஐந்து கைகள்தான். கத்தியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தொடுவதும் அழுத்துவதும் குழந்தையின் வேலை. காம்புப் பக்கத் துண்டைக் கொடுங்கள், சின்ன விரல்களுக்குப் பிடிக்க வசதி. வண்ணம் அதிகமாகத் தோய்ந்தால் முனைகள் மறைந்து வெறும் வட்டமாகிவிடும். அப்போது நீங்கள் திருத்தாதீர்கள். “முதல்ல வந்ததும் இதுவும் ஒரே மாதிரியா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள், அடுத்த முறை குழந்தையே தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டு அழுத்தும். அந்த ஒரு கேள்விக்கே மதிப்பெண் உண்டு. ஆக்டோபஸ்தான் செய்வேன் என்றால், கால்களைக் குழந்தைகளே செய்தித்தாளில் கிழித்து ஒட்டட்டும். ஒன்றுக்கு ஆறு கால் வந்தால் சேர்ந்து எண்ணுங்கள். இன்னும் எத்தனை வேண்டும் என்பதைக் குழந்தையே சொல்லட்டும்.

அறிவியலுக்கு முட்டையும் உப்பும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த அளவுக்குப் புது முட்டை மிதக்காது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு மூன்று மேசைக்கரண்டி தூள் உப்பாவது போட்டுக் கலக்க வேண்டும். கல்லுப்பு கரைய நேரமாகும். இருபது நிமிட வகுப்பில் அது உங்கள் காலை வாரிவிடும். வீட்டில் ஒரு முறை செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.

பாதுகாப்புக் கேள்வி கட்டாயம் வரும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண ஜெல் மணிகளைக் ‘கடல் தொட்டி’ என்று கடைகளில் விற்கிறார்கள், வாங்காதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருத்துக் குடலை அடைக்கும். வேகவைத்த ஜவ்வரிசியில் சமையல் நீலம் கலந்தால் அதே வழவழப்பு கிடைக்கும், வாயில் போனாலும் பயமில்லை. சின்னச் சோழி, கூழாங்கல் எதுவும் மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கைக்குப் போகக் கூடாது. தண்ணீர்த் தொட்டி வைத்தால் அதை விட்டு நகர வேண்டாம், முடிந்த உடனே கவிழ்த்துவிடுங்கள். காய்ந்த கடற்குதிரையும் பவளத் துண்டும் வீட்டு அலமாரியில் இருந்தாலும் எடுத்துப் போகாதீர்கள். இரண்டும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை.

குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். திமிங்கலம் மீன் அல்ல, பாலூட்டி. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். கடற்குதிரையில் குட்டிகளைச் சுமப்பது அப்பா. சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமை, மணலில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் பொரிந்து தாங்களே கடலைத் தேடிப் போகும். “அம்மா ஏன் இருக்க மாட்டாங்க?” என்று ஒரு குழந்தை கேட்கும். சமாளிப்பதற்காகக் கதை கட்ட வேண்டாம், ஆமைகள் அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வகுப்பில் திணிக்காதீர்கள். டெமோவுக்குப் பாட்டும் வெண்டைக்காயும் போதும், முட்டைச் சோதனையை வேலையில் சேர்ந்தபின் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பாடக்குறிப்பு எழுதி மூன்று நகல் கொண்டு போங்கள். என்ன செய்வீர்கள் என்பதைவிடக் குழந்தை என்ன செய்யும் என்று எழுதுங்கள். 2022இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழியேதான் கற்கச் சொல்கிறது. முதல்வருக்கு அது தெரிந்திருக்கும். மாதிரிக்கு ஒரு கவனிப்புக் குறிப்பும் இணைத்தால் நல்லது. ‘நன்றாகச் செய்தாள்’ என்ற குறிப்பால் யாருக்கும் பயனில்லை. ‘முட்டை ஏன் மேலே வந்தது என்று கேட்டேன், உப்பு தூக்குது என்றாள்’ என்பதுதான் குறிப்பு.

கிளம்பும் முன் நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: சார்ட், வண்ணம், பசை, காய்கறிச் செலவெல்லாம் யாருடையது? பல இடங்களில் அது சத்தமில்லாமல் ஆசிரியை தலையில் விழுகிறது. “நீங்களே பார்த்துக்கோங்க” என்றால், மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு, அதைச் சம்பளத்தில் சேர்த்துக் கேளுங்கள்.