மெடிக்கல் கோடிங் படித்தால் வீட்டிலிருந்தே வேலையா?

கேள்வி: ஆன்லைனில் மெடிக்கல் கோடிங் படித்தால் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைக்குமா?

பதில்: அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டு பில்லுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை இடுவதே மெடிக்கல் கோடிங். சிக்கல் ஏதுமில்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய்க்கு இ11.9, அதனால் நாள்பட்ட சிறுநீரக நோயும் வந்திருந்தால் இ11.22. குறியீடு பிசகினால் பில் திரும்பிவிடக்கூடும். அதனால்தான் புதியவர் இட்ட குறியீடுகளை மூத்தவர்கள் சரிபார்க்கிறார்கள். நோயாளியின் விவரம் வெளியே கசியக்கூடாது என்பதில் 1996-இல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டமும் கண்டிப்பானது.

ஆகவே சென்னை நிறுவனங்களில் வேலை உண்டு என்றாலும், பெரும்பாலும் அலுவலகத்தில்தான் தொடக்கம். வேலை கைவந்த பிறகே வீட்டிலிருந்து பார்க்கும் வாய்ப்பு கூடும்.

பயிற்சி மையம் தரும் சான்றிதழ் வேறு, ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி தேர்வு வேறு. பின்னதில் 100 கேள்விகள், 4 மணி நேரம். தேறினாலும், அனுபவம் இல்லாதவருக்கு முதலில் கிடைப்பது ‘சிபிசி-ஏ’ என்ற பயிலுநர் தகுதிதான்.

பணம் கட்டுமுன் வேலை விளம்பரங்களில் ‘அனுபவம் தேவையில்லை’, ‘வீட்டிலிருந்தே’ என்ற இரண்டும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்ப்பது நல்லது. அந்தப் பயிற்சி மையத்தில் படித்து முடித்தவர்களிடம் விசாரிப்பது அதைவிட நல்லது. வேலை தர டெபாசிட் கேட்பவர்களை நம்பவே வேண்டாம். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்கவும்.