பூஜ்யத்தில் நிற்கும் பொருள்

கேள்வி: லினக்ஸ் டிரைவர் ஒன்றில், பட்டியலைப் பூட்டிய பிறகே பொருளைத் தேடி அதன் எண்ணிக்கையைக் கூட்டினாலும், சில வேளைகளில் அது விடுவிக்கப்பட்ட நினைவகமாகிவிடுவது ஏன்?
– வாசகர், அண்ணனூர்

பதில்: ஒரு பொருளை எத்தனை இடங்களில் பயன்படுத்துகின்றனர் என்று கணக்கு வைக்கும் எண்ணே ரெஃபரன்ஸ் கவுண்ட், கெர்னலில் அதற்குரிய பொது அமைப்பு 'கேரெஃப்'. பயன்படுத்துவோர் விலக விலக எண் குறைந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் விடுவிக்கும் சார்பு அழைக்கப்படுகிறது. வாசகர் குறிப்பிடும் பிழையின் வேர் பெரும்பாலும் இந்தச் சார்பில்தான் இருக்கும். பட்டியலிலிருந்து பொருளை நீக்குவதற்காக அச்சார்பு அதே பூட்டுக்குக் காத்திருக்கும் வகையில் எழுதப்பட்டிருந்தால், எண் பூஜ்யமான பின்னும் பொருள் பட்டியலில் கிடக்கும் ஓர் இடைவெளி பிறக்கிறது. பூட்டை வைத்திருக்கும் வேறொரு இழை அந்நேரம் பொருளைக் கண்டு எண்ணை ஒன்றாக்கிக்கொண்டு வெளியேற, காத்திருந்த சார்பு உள்ளே வந்து, எண்ணைத் திரும்பப் பாராமலே பொருளை அழித்துவிடுகிறது. மின்தொடர் பணிமனை உள்ள அண்ணனூரின் வாசகருக்கு இரயில்வே உவமை அந்நியமாகாது: டோக்கன் முறையில் இயங்கும் ஒற்றைப் பாதையில், செல்ல அனுமதி தரும் அந்த டோக்கன் கைக்கு வராமல், நிலையத்தில் அது இருப்பதைக் கண்டதை மட்டும் நம்பி ஓட்டுநர் வண்டியை எடுப்பதில்லை.

இதற்கு இரு வழிகள் உண்டு. கடைசிக் குறைப்பையே பூட்டுக்குள் நிகழ்த்தும் 'கேரெஃப் புட் மியூடெக்ஸ்' என்ற சார்பைப் பயன்படுத்தினால் இடைவெளியே தோன்றாது. அல்லது, 2013இல் வெளியான 3.8ஆம் பதிப்பில் சேர்ந்த 'கேரெஃப் கெட் அன்லெஸ் ஜீரோ'வைத் தேடும் இடத்தில் பயன்படுத்தலாம். எண் பூஜ்யமாக இருந்தால் அது கூட்ட மறுத்துத் தோல்வியைத் தெரிவிக்கும், அத்தோல்வியைப் 'பொருள் பட்டியலில் இல்லை' என்றே கொள்ள வேண்டும். 2017இல் வந்த 'ரெஃப்கவுண்ட்' வகை, பூஜ்யத்திலிருந்து கூட்ட முயன்றால் எச்சரிக்கை அச்சிடும் என்றாலும், எச்சரிக்கையைத் தீர்வாக எண்ணுவது தவறு.

பூட்டே இல்லாமல் ஆர்சியூ முறையில், அதாவது படிப்போர் முடிக்கும்வரை நினைவக விடுவிப்பைத் தள்ளிவைக்கும் முறையில் தேடுவோருக்கு இரண்டாம் வழியே உரியது. அங்கும் நினைவகம் உடனுக்குடன் அதே வகைப் பொருளாக மறுபயன்பாட்டுக்குச் செல்லும் அமைப்பாயின், எண்ணைக் கூட்டியபின் பொருளின் அடையாளத்தை மீண்டும் ஒருமுறை ஒப்பிட்டு, மாறியிருந்தால் கைவிட்டுத் தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.